இரண்டு தீப்பெட்டிகள்

1

இந்தக் கதை ஒரு பித்தலாட்டத்தில் பிறந்தது. யோசனை என்னுடையது, கைவேலை அக்காவுடையது. ஆகவே பாதிப் பழி அவளுக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அறுபது வயதுத் தையல்காரி ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப்...' அடித்துவிட்டேன். அக்கா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

2

பள்ளியில் வருடத்துக்கொரு முறை குடற்புழுப் பரிசோதனை நடக்கும். காலித் தீப்பெட்டியில் மலம் கொண்டுபோக வேண்டும். எனக்குக் குமட்டும், 'நீயே ரெண்டையும் நிரப்பிடு' என்று அழுவேன். அக்காவே இரண்டு பெட்டிகளையும் நிரப்பி, ஒன்றின் மேல் என் பெயரை எழுதுவாள். அவளுக்குப் புழு இருந்த வருடம் எனக்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள். வீடு வரும்வரை வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து என்னைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

(இதையெல்லாம் இனிய நினைவு என்று சொல்லலாமா? சொல்லிவிட்டேன்.)

3

இப்போது எனக்கு ஐம்பத்தேழு. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஐம்பது தாண்டியவர்களுக்குச் சுகாதார நிலையம் வழக்கமாகச் செய்யும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக ஆளுக்கொரு குப்பி வந்தது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"குடுடா தீப்பெட்டி. உன்னோடதையும் நானே முடிச்சுடறேன்."

அவள் பெயருக்கு வந்த கடிதத்தில் ஒன்றுமில்லை என்றிருந்தது. என் பெயருக்கு வந்ததில், ரத்தம் தென்படுகிறது, உடனே வரவும் என்றிருந்தது.

"ரெண்டுமே உன்னோடதுதானேக்கா?"

"உன் குப்பிய மறுநாள்தான் நிரப்பினேன்." தையல் மெஷினை நிறுத்தினாள். "உன் பேர்லதானே வந்திருக்கு? நீயே போ."

(குறிப்பு: ரத்தம் தினமும் கசியாதாம். அவளுடைய குப்பி மட்டும் போயிருந்தால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

இங்கே அக்கா பாத்திரம் எனக்கே நம்பும்படி இல்லை. பயப்படுகிறவளாக அவளை எழுதிப் பழக்கமில்லை. "பயமா இருக்குடா" என்ற வரியை மூன்று வரைவுகளில் எடுத்துவிட்டேன். ஆனால் சொன்னாள். இருக்கட்டும்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய், செவிலியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வயசுலயுமா?"

அக்காவுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு கட்டி. துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் கையில் புதுக் குப்பி ஒன்றைத் திணித்தார் செவிலி. இந்த முறை நானே நிரப்பினேன். கதவுக்கு வெளியே நின்று அக்கா, "ஆச்சாடா?" என்றாள். அப்புறம் அதே பழைய சிரிப்பு. உள்ளே நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

5

கட்டி வெறும் சதைதான் என்று ஒரு முடிவு எழுதினேன். இன்னொன்றையும் எழுதி, பாதியில் கிழித்தேன்.

இன்று செவ்வாய். ஆய்வின் முடிவு வியாழக்கிழமை வரும். கதையை நாளைக்கே பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் படிக்கும்போது அந்த வியாழன் எப்போதோ கடந்திருக்கும்.

பக்கத்து அறையில் மெஷின் ஓடுகிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள். இன்னும் ஓடுகிறதா?