குளிர் மிஞ்சிய ஊசி மருந்து

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள். பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன், சின்னக் கதைதான்.

கடை ரைஹானாவுடையது. மருந்தாளுநர் படிப்பு படித்தவள். கூடமாட இருப்பவர் அவளுடைய அண்ணன் ஜுல்ஃபிகர். அதற்கு முன் இருபது வருஷம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் குல்ஃபி விற்றவர். மழைக்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசியைக் கடையிலேயே போட ரைஹானா ஏற்பாடு செய்தாள். பக்கத்து அறையில் டாக்டர் பார்ப்பார், நர்ஸ் லோகநாயகி ஊசி போடுவார். ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நிற்க முடியாத பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் ஊசியா என்று தெருவில் பாதிப் பேருக்குச் சந்தேகம். முதல் நாள் சரியாக நடக்காவிட்டால் மறுபடி யாரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு காலை கரண்ட் போனது. ரைஹானா டாக்டரை அழைத்து வரப் போயிருந்தாள். ஜுல்ஃபிகருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஊசி மருந்தையெல்லாம் எடுத்து, ஃப்ரீசரில் கல்லாய்க் கிடந்த ஐஸ் பேக்குகளை ஒரு ஐஸ் பெட்டியில் அடுக்கி, அவற்றுக்கு நடுவே செருகி, பெட்டியை இறுக மூடிவிட்டார். குல்ஃபியை அப்படித்தான் காப்பாற்றுவார்.

ரைஹானா வந்து திறந்தபோது பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. ஐஸ் பேக்கை வெளியே வைத்து, உள்ளே தண்ணீர் அசைகிற வரை காத்திருந்துதான் மருந்தோடு சேர்க்க வேண்டும். உறைந்த தடுப்பூசி கெட்டுப்போனதுதான். இளகிவிட்டால் பார்வைக்கு நல்லது மாதிரியே இருக்கும்.

அவள் சொல்லக் கேட்டு அண்ணன் முகம் சுருங்கியது. வாசலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. குரலைத் தாழ்த்தினார்.

"போட்டா உடம்புக்கு எதுனா ஆவுமா?"

"பெருசா ஒண்ணும் ஆவாதுண்ணே. ஊசியும் வேலை செய்யாது."

"அப்ப இன்னிக்கு போட்டு அனுப்பிட்டு..."

அவள் நேரே வாசலுக்குப் போனாள். மருந்து உறைந்துவிட்டது, தவறு கடையுடையது, அடுத்த ஞாயிறு புது மருந்து வரும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அண்ணன் பெயரை எடுக்கவில்லை. இதற்கு ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம் என்று ஒருவர் எழுந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் கிளம்பினார்கள். பாரிவாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்த கமலம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சொல்லாம குத்தியிருந்தா எங்களுக்கு இன்னாம்மா தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

ஜுல்ஃபிகர் முன்னால் வந்தார். "நான்தாம்மா வெச்சேன். குல்ஃபி வித்த புத்தி."

கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லவேளை, எங்களையும் குச்சியில சொருகாம வுட்டியே பாய்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். ஏழு பேர் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை, இன்றுவரைக்கும். வந்தவர்களுக்கு லோகநாயகி ஊசி போட்டார். கமலம் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, தன் நாத்தனார் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். ரைஹானா எழுதினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திடமாக இருக்கட்டும்; பிள்ளைகள் இருமலில்லாமல் நிம்மதியாகத் தூங்கட்டும்.