மரம் குடித்ததும் விருந்தாளி குடித்ததும்

துனிசியாவில், கெபிலிப் பக்கத்துப் பேரீச்சந்தோட்டங்களில் மரங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று கணக்கெடுக்கத் துனிஸிலிருந்து நவ்ஃபல் என்ற இன்ஜினியர் வந்திறங்கினார். அவர் சொல்லும் கணக்கை வைத்துத்தான் தண்ணீர்ச் சங்கம் அவரவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் முறை நேரத்தைக் கூட்டும், குறைக்கும். தோட்டத்துக்கு ஒரு மரம் காட்டினால் போதும். தண்டில் ஊசிகளைக் குத்தி, உள்ளே ஏறும் நீரைக் கருவி அளந்துவிடும்.

அங்கே ஒரு தோட்டத்தைப் பார்த்துவந்த லஸ்ஹர் கெட்டிக்காரர். காய்க்கிற மரத்தில் ஊசி குத்த விடுவாரா? ஓரத்தில் நின்ற மலட்டு மரத்தைக் காட்டினார். அளக்கத் தினமும் வருகிற விருந்தாளிக்கு வெறும் டீயா கொடுப்பது என்று பதநீர் இறக்கவும் ஆள் ஏற்றினார். அந்த ஊரில் ஓலையைக் கழித்து உச்சியையே சீவித்தான் பதநீர் எடுப்பார்கள்; காய்க்கிற மரத்தை யாராவது அப்படிச் சீவுவார்களா? அதற்கும் அதே மலட்டு மரம்தான். மனைவி மப்ரூக்கா தங்கையின் பிரசவத்துக்குப் போகாமல் ஊரில் இருந்திருந்தால், இந்தக் கெட்டிக்காரத்தனம் முளையிலேயே கருகியிருக்கும்.

இன்ஜினியரோ கருவியைப் பார்ப்பார், தம்ளரைப் பார்ப்பார். அண்ணாந்து மட்டும் பார்த்ததே இல்லை.

சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள், உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லஸ்ஹர் அண்ணே, உங்க மரம் தண்ணியே குடிக்க மாட்டேங்குது. பாதி முறை போதும்னுதான் எழுதணும்."

லஸ்ஹருக்குக் காரணம் தெரியும். ஓலையில்லாமல் உச்சியைச் சீவிய மரம் எங்கே குடிக்கும்? ஆனால் அதை விருந்தாளி முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தின்றதையும் குடித்ததையும் சொல்லிக்காட்டுகிற வழக்கம் அந்த ஊரிலேயே கிடையாது. "இன்னொரு தம்ளர் ஊத்தட்டுமா தம்பி?" என்றுதான் வாயில் வந்தது.

அன்று சாயங்காலம் மப்ரூக்கா திரும்பினாள். தோட்டம் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது.

"பாதித் தண்ணியில எந்தெந்த மரத்தைச் சாகவிடப் போறீங்க?"

"விருந்தாளிகிட்ட எப்படி மப்ரூக்கா சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

காலையில் அவளே இன்ஜினியரை மரத்தடிக்கு அழைத்துப்போனாள். "தம்பி, கொஞ்சம் மேல பாருங்க."

மேலே மொட்டைத் தலை, அதில் ஒரு பானை. நவ்ஃபலின் காது சிவந்தது.

"அப்ப நான் தினம் குடிச்சது..."



கூட்டத்தில் நவ்ஃபல் எழுந்து, மறைக்காமல் சொன்னார்: "லஸ்ஹர் அண்ணன் தோட்டத்துக் கணக்கு செல்லாது. நான் ஊசி குத்தின மரத்தையே சீவிப் பதநீர் இறக்கியிருக்காங்க. பூராவும் குடிச்சது நான்தான். வேற மரத்துல அளக்குற வரைக்கும் அவங்க முறையில கை வைக்காதீங்க."

சபையே சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

தன் வீட்டு விருந்தாளி நாலு பேர் முன்னால் கூனிக்குறுகுவதை லஸ்ஹரால் தாங்க முடியவில்லை. சட்டென்று எழுந்துவிட்டார்.

"சேச்சே, தம்பி எங்க குடிச்சாரு? ஏதோ நாக்கு நனையற அளவுக்கு..."

எழுதப்போன தலைவரின் பேனா நின்றது. மப்ரூக்கா கணவரின் அங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"குடிச்சாரு," என்றாள் தலைவரிடம். "பானை பானையா குடிச்சாரு. எழுதிக்கோங்க."