காத்தாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம் போகும் முதலாளி ஆத்மநாதனின் பஸ், அந்தச் சித்திரையில் மூன்றாவது முறையாக நடுரோட்டில் கொதித்து நின்றது. ரேடியேட்டரில் ஓட்டை. டிரைவர் பெரியகருப்பன் இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த போட்டி பஸ் மெதுவாக நின்று, இவனுடைய பிரயாணிகளை ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டு போயிற்று. அதை ஓட்டிய சந்தியாகு ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்திவிட்டுப் போனான்.

அந்தக் கை பெரியகருப்பனை உறுத்தியது. சந்தியாகு வேறு யாருமில்லை, தங்கள் வண்டியைப் பழுது பார்க்கிற பிட்டர் ஞானமணியின் தங்கை புருஷன்.

பஸ் என்று சொன்னாலும் அது ஒரு ஜமீன்தார் கழித்துக் கட்டிய பழைய கார். பின்பக்கத்தை அறுத்து, சட்டத்தை நீட்டி, பலகை பெஞ்சு போட்டிருந்தார்கள். காரின் சின்ன என்ஜின் இருபது பேரை இழுக்க முடியாமல் திணறவே, கவிழ்ந்துபோன லாரி ஒன்றின் என்ஜினை வாங்கி ஞானமணிதான் அதில் பொருத்தினான். இது பழையதைவிட நீளம். அதனால் அதன் முன்னால் இருந்து தண்ணீரை ஆற்றும் காத்தாடி, ரேடியேட்டரின் முதுகை ஒட்டினாற்போல் சுற்றியது. நடுவில் ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான்.

முதல் ஓட்டை விழுந்தபோதே ஞானமணி சொன்னான்.

“இந்த எடம் பத்தாது முதலாளி. ரேடியேட்டர நாலு வெரக்கடை முன்னால தள்ளி வைக்கணும். முன்சட்டத்த அறுத்து ஒட்டணும். நாலு நாளு வண்டிய நிறுத்திக் குடுங்க.”

ஆத்மநாதன் டிரைவரின் முகத்தைப் பார்த்தார்.

“நாலு நாளு நம்ம வண்டி நின்னா யாருக்கு லாபம்?” என்றான் பெரியகருப்பன். “காத்தாடி றெக்கைய நுனியில கொஞ்சம் வெட்டிவிட்டா ஆகாதா?”

“வெட்டுனா காத்து கொறைஞ்சு போகும்ணே. தண்ணி கொதிச்சுரும்.”

எதைக் கேட்டாலும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறானே என்று பெரியகருப்பனுக்குத் தோன்றியது. ஓட்டையை மட்டும் ஈயம் வைத்து அடைத்தால் போதும் என்று முதலாளி முடித்துவிட்டார்.

அதிலிருந்து ஞானமணி எது செய்தாலும் பெரியகருப்பனுக்குச் சரியாகப் படவில்லை. அவன் பானெட்டுக்குள் அதிக நேரம் குனிந்திருந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்தான். சீக்கிரம் நிமிர்ந்தால், அதற்குள் என்ன செய்துவிட்டான் என்று நினைத்தான். ஒருநாள் அவனும் மச்சான் சந்தியாகுவும் டீக்கடையில் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

மூன்றாவது ஓட்டைக்குப் பிறகு நேரே முதலாளியிடம் போய், ஞானமணி மச்சானுக்காக வண்டியைக் கெடுக்கிறான் என்று சொன்னான். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

“சந்தேகத்த வச்சு ஒருத்தன வேலைய விட்டு அனுப்ப முடியுமா? கண்ணால பாத்தியா?”

“பாத்துட்டு வந்து சொல்றேன்.”

ஞானமணி ஓட்டையை அடைத்து முடித்ததும், பெரியகருப்பன் பானெட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் நூலால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தால் அழுத்தினான். இனி யார் திறந்தாலும் தெரிந்துவிடும்.

கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஞானமணி அதைப் பார்த்தான். “இது எதுக்குண்ணே?”

“ஒரு காவலுக்கு.”

ஞானமணி சாமான் பையை எடுத்துக்கொண்டு போனவன் மறுநாள் ஷெட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஓடிவிட்டான், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று பெரியகருப்பன் நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அழியாநிலை ஊர் தாண்டிப் போகும்போது, பக்கத்து வண்டிப்பாதையிலிருந்து ஒரு வைக்கோல் வண்டி திடீரென்று ரோட்டில் ஏறியது. பெரியகருப்பன் பிரேக்கை அழுத்தி மிதித்தான். முன்னால் கர்ரென்று தகரத்தைக் கீறும் சத்தம். அடுத்த நொடி ஆவி மேலெழும்பிக் கண்ணாடியை மறைத்தது.

இறங்கி ஓடினான். இரண்டு முத்திரையும் வைத்தது வைத்தபடி இருந்தன. மோதிரத்தின் பூகூட அழியவில்லை.

அவனே நூலை அறுத்துத் திறந்தான். ரேடியேட்டரின் முதுகில் பிறைபோல ஒரு கீறல், பளபளவென்று புதிதாக. ஆனால் காத்தாடியோ பழையபடி ஒரு விரல் தள்ளியே நின்றது. என்ஜினே முன்னால் நகர்ந்தால்தான் அது இடிக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு கடப்பாரையை எடுத்து என்ஜினின் பின்னால் கொடுத்து நெம்பினான். என்ஜின் முழுதாக முன்னால் நகர்ந்தது. றெக்கை அந்தக் கீறலிலேயே போய் உட்கார்ந்தது. கடப்பாரையை எடுத்ததும் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அடியில் தாங்கிய ரப்பர் எண்ணெய் குடித்து ஊறிக் களியாகக் கிடந்தது.

முதல் தடவை கண்மாய்க் கரையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. இரண்டாம் தடவை வல்லத்திராக்கோட்டையில் ஒரு சைக்கிள்காரன், மூன்றாம் தடவை ஓர் எருமை. இன்றோடு நாலு தடவையும் அழுத்திப் பிரேக் போட்டது அவன் கால்தான். சந்தியாகுவின் பஸ் பின்னால் வந்து நின்றபோது பெரியகருப்பனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஏதும் வேணுமாண்ணே?” என்று சந்தியாகு கேட்டான். நாலு தடவையில் அவன் பேசியது அன்றுதான்.

“ஞானமணி எங்க?”

“ஆவூர்லதான். எம் பொண்டாட்டிக்குப் பிரசவம் செரமமாப் போச்சு, அவுக அண்ணன்தான் கூட இருந்து பாக்குறாரு. பத்து நாளா இதே அலைச்சல்தான்.”

டீக்கடைப் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போது விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியகருப்பன் ஆவூருக்குச் சைக்கிள் மிதித்தான். பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்த ஞானமணியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, கடப்பாரை வைத்து நெம்பியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னான்.

“என்ஜின் நகருறது எனக்கும் தெரியாதுண்ணே,” என்றான் ஞானமணி. “நின்ன எடத்துல வச்சே பாத்தேன். அந்த மட்டுக்கு எம்மேலயும் தப்புத்தான்.”

“முதலாளிகிட்ட ஒன்னைப் பத்தித் தப்பாச் சொன்னேன்.”

“தெரியும்.”

“அவருகிட்டயே போயி மாத்திச் சொல்றேன்.”

“சொல்லுங்க. எம் முன்னால சொல்லுங்க.”

அப்படியே சொன்னான். ஆத்மநாதன் நாலு நாள் கொடுத்தார். ரேடியேட்டர் நாலு விரற்கடை முன்னால் போயிற்று. புது ரப்பர் வைத்து, என்ஜினை இரும்புக் கம்பியால் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார்கள். இழுக்கிற காற்று பக்கவாட்டில் சிதறாமலிருக்க, காத்தாடியைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு அடித்தான் ஞானமணி. வெள்ளோட்டத்தில் வேகமாகப் போய் ஐந்து தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். உச்சி வெயிலில் கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோதும் தண்ணீர் கொதிக்கவில்லை.

ஞானமணி பழையபடி ஷெட்டுக்கு வந்தான், பேசினான், பெரியகருப்பன் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் தனியாக அந்த பானெட்டைத் தூக்கவே இல்லை. எவ்வளவு அவசரமானாலும், “டிரைவரண்ணே, இங்கிட்டு வந்து நில்லுங்க, தெறக்கப் போறேன்,” என்று கூப்பிடுவான். சாப்பாட்டில் பாதியில் இருந்தாலும் பெரியகருப்பன் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பக்கத்தில் நிற்பான்.