பூட்டில்லாத சீடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு யாழ்ப்பாணத் தீவகத்தில், மண்கும்பானில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் கிடைத்தது. கிளிகளை விரட்ட அங்கே சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாச் சீடியிலும் ஒரே நாவலின் பெயர்!

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘2004ஆம் ஆண்டு, அலைகள் ஆர்ப்பரிக்க, டெனிஸ்ரன்...’

(வேண்டாம். அன்று கடல் சும்மாதான் கிடந்தது.)

2

நாவலை எழுதிய டெனிஸ்ரன் பக்கத்து ஊர்காவற்றுறைக்காரர். கடலுக்குப் போய்வந்த நேரம் போக ஒரு நாவல் எழுதி அச்சடித்தும் விட்டார். யாராவது ஒருவர் அதைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர மனிதருக்கு வேறு ஆசை இல்லை. அதனால் அச்சுப் புத்தகத்தோடு மின்னூல் சீடியையும் இலவசமாகக் கொடுத்தார்.

கனடாவிலிருந்து மச்சான் ஜெகதீஸ் போனில் துள்ளிக் குதித்தார்.

“சீடிக்குப் பூட்டுப் போடும் மச்சான்! இல்லாட்டி எல்லாரும் கொப்பி அடிப்பினம். பூட்டினா ஒரு கொம்பியூட்டரிலைதான் திறக்கும்.”

“இஞ்சை கிட்டடியிலை இருக்கிறதே ஒண்டுதான், அஜந்தாவின்ரை கடையிலை.* கொப்பி அடிக்கிறதுக்கெண்டாலும் ஆராவது தேடி வரட்டுமன்!”

(* அதுவும் கரண்ட் இருந்தால்.)

3

மண்கும்பானில் தோட்டம் செய்கிற முருகேசு அண்ணை ஒரே மூச்சில் நாலு புத்தகம் வாங்கினார். டெனிஸ்ரன் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அடுத்த கிழமை அண்ணையின் மிளகாய்த் தோட்டத்தைத் தாண்டிப் போனவர் சைக்கிளை நிறுத்தி...

(இங்கே நான் எழுதிய கண்ணீர் வசனத்தை வெட்டிவிட்டேன். உங்களுக்கும் நிம்மதி.)

“நல்ல மினுக்கம், தம்பி,” என்றார் முருகேசு அண்ணை. “கிளி கிட்டவும் வராது.”

டெனிஸ்ரன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

4

சில நாள் கழித்துப் போன் எடுக்க அஜந்தாவின் கடைக்குப் போனார். கணினிக்கு முன்னால் முருகேசு அண்ணை. கையில் கிளி எச்சம் காய்ந்த சீடி. திரையில் நாவலின் கடைசி அத்தியாயம்.

“சீடியைக் கழட்டினாப் பிறகு புத்தகம் சும்மா கிடந்துது. வாசிச்சனான். மூண்டுதரம் வாசிச்சும் அந்தக் கதாநாயகிப் பெட்டை கடலிலை சாகிறாள், தம்பி! பொறுக்க ஏலாமக் கிடந்துது. அதுதான் சீடியிலை இருந்ததைக் கொம்பியூட்டருக்கு எடுத்து, அஜந்தாவைக் கொண்டு மாத்தி எழுதுவிச்சு, கரையிலை ஏத்திப்போட்டன். பூட்டில்லைத்தானே?”

டெனிஸ்ரன் ஏசத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மனிதர் வாசித்திருக்கிறார்! மூன்றுதரம்! சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

“எந்தக் கரையிலை, அண்ணை?”

“எங்கடை மண்கும்பானிலைதான்.”

5

முடிவு அ: டெனிஸ்ரன் சண்டை பிடிக்கிறார். (இந்த ஆளுக்கு அது வராது.)

முடிவு ஆ: அடுத்த பதிப்பில் புது முடிவையே...

விடுங்கள். இந்தக் கதைக்கும் நான் பூட்டுப் போடவில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டையை மட்டும் திரும்பக் கடலில் தள்ளிவிடாதீர்கள். முருகேசு அண்ணை தேடி வருவார்.