கவியா கொடுத்த தழும்புகள்

ஏழாம் வகுப்பு கவியாவின் முதுகில் திங்கட்கிழமை சாயந்திரம் விழுந்த பெல்ட் தழும்பு, செவ்வாய்க்கிழமை இன்டர்வெல் நேரத்தில் அவளுடைய வகுப்புத் தோழி பரிமளாவின் முதுகுக்குப் போய்விட்டது. ஆடி மாதம். தா.பழூருக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் அன்று நாற்றுப் பறிப்பு நடந்தது, வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வந்தது, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடக் குழாயடியில் கவியா பரிமளாவின் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். காரணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பரிமளா சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தள்ளிய கணத்தில் கவியாவின் முதுகெரிச்சல் நின்றது. ராத்திரி முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தவள் சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. அழுதுகொண்டே வகுப்புக்குப் போன பரிமளா பெஞ்சில் சாய்ந்ததும் "ஐயோ, முதுகு" என்று துள்ளி எழுந்தாள்.

கவியாவின் அப்பா மணிவேல் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். லாரியிலிருந்து கழற்றிய பழைய ஃபேன் பெல்ட் ஒன்று வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். அதன் உட்பக்கம் பல் பல்லாக இருப்பதால், விழுந்த இடத்தில் பூரான் ஊர்ந்துபோன மாதிரி ஒரு வரி கிடக்கும். எதற்கு அடிப்பான் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். முதலாளி திட்டியதற்கு, டயர் வெடித்ததற்கு, கவியா கூப்பிட்டதும் வராததற்கு, கூப்பிடாதபோது வந்ததற்கு. அடித்த அன்றைக்கே கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கிவந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றிக் கொடுப்பான். அதைப் பார்த்த அக்கம்பக்கம், பெற்ற மகள் மேல் எவ்வளவு பாசம் பார் என்று சொல்லிக்கொண்டது. இப்படிச் சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார்கள்.

தலைமையாசிரியர் தர்மராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கைவசம் இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். எந்தப் பிள்ளை வம்பு செய்தாலும், "நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வா" என்பார். மணிவேல் லாரி நடையை விட்டுவிட்டு, தலைமுடியில் கல்தூசியோடு வந்து நிற்பான். "என்னங்க மணிவேல், பொம்பளப்புள்ளயா இது? தினம் ஒண்ணை அழவிடுது." நாலு பேர் முன்னால் அவனுக்கு முகம் செத்துப்போகும். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய், அந்த வேலையைச் சாயந்திரம் தானே செய்வான். மறுநாள் காலை கவியா பள்ளிக்கூடத்துக்கு வருவாள், அடுத்த பிள்ளை முதுகைப் பிடித்துக்கொண்டு அழும், தலைமையாசிரியர் மறுபடியும் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார். ஆடியிலிருந்து மாசிக்குள் பதினான்கு தழும்புகள் இப்படிப் போயின. ஒரு தழும்பு விழுவதற்கும் போவதற்கும் நடுவில் தான் என்ன செய்தோம் என்று யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

கவியாவுக்கு விஷயம் இரண்டாவது தடவையே புரிந்துவிட்டது. யார் மேலாவது கை வைத்தால் வலி போகும். ஓங்கி வைத்தால் சீக்கிரம் போகும். பாலாஜியைக் கிள்ளினாள். அவன் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் அங்கன்வாடிக்குப் போகும் தம்பியை ஒரு குத்துக் குத்தித் தன்னுடையதை அவனுக்குக் கொடுத்துவிட்டான். ஆறாம் வகுப்பு சத்யாவை, அவள் கவியாவைப் பார்த்து ஒதுங்கி நின்ற ஒரே காரணத்துக்காக, சோற்றுத் தட்டோடு தள்ளிவிட்டாள். சத்யா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுக்கு அடிக்க வராது. கவியாவோடு சேர்ந்து சாப்பிட யாரும் இல்லாமல் போயிற்று. ராட்சசி என்று பெயர் வைத்தார்கள். அவள் முதுகு மட்டும் எந்தப் பிள்ளை முதுகையும்விடச் சுத்தமாக இருந்தது.

பரிமளாவின் அப்பா நல்லதம்பி மகளைக் கைநீட்டி அடித்ததே கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் கூனிக்குறுகிப் போனார். வயலில் எஞ்சின் வைத்து இறைக்கிறவர். பெல்ட்டின் பல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்குமே தெரியும், அடுத்த வீட்டு விவகாரம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மாசி பிறந்ததும் நல்லதம்பி, பிள்ளைகளுக்கான உதவி எண் பத்து ஒன்பது எட்டுக்குப் போன் செய்தார்.

டவுனிலிருந்து வெற்றிச்செல்வி என்ற குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசர் ஸ்கூட்டியில் வந்தார். கவியாவைத் தனியாக உட்காரவைத்து முதுகைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கவியா நடந்ததை அப்படியே சொன்னாள். ஆபீசர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. "அடிபட்ட புள்ள உடம்புல காயம் இருந்தாத்தான் பாப்பா நான் எழுத முடியும். இன்னொரு தடவ விழுந்தா அப்படியே வச்சிக்க. யார் மேலயும் கை வைக்காத. எனக்கு ஒரு போன் பண்ணு, வந்துடறேன்" என்று சொல்லி, நம்பரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது அதே மாசியில் ஒரு வியாழக்கிழமை விழுந்தது. முன்பு விழுந்த எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று. வெள்ளிக்கிழமை கவியா நல்லதம்பி வீட்டுக்குப் போய், அவர் போனில் பேசினாள். ஆபீசருக்கு அன்று வேறொரு கேஸ். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார். மூன்று நாள். அன்று பள்ளிக்கூடத்தில் கவியா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தாள். பாலாஜி வேண்டுமென்றே அவள் பையை உதைத்துவிட்டுப் போனான். யார் மேலாவது ஒரு தட்டுத் தட்டினால் போதும், தூங்கலாம். தட்டவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அம்மா மருதாயி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். முதல் சொம்புக்கே மகள் உடம்பு அப்படியே சுருண்டது. மருதாயி சொம்பைக் கீழே வைத்தாள். ஆபீசர் வரப்போவதும், கை வைத்தால் வலி மாறும் என்பதும் மகள் சொல்லி அவளுக்குத் தெரியும்.

"எம்மேல போட்டுடு சாமி."

"வேணாம்மா. இன்னிக்கு ஒரு நாளுதாம்மா."

"பெத்த வயிறு பாத்துக்கிட்டு நிக்குமாடி? அவுரு உள்ள போயிட்டா நாம எங்க போயி நிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே மருதாயி மகளின் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். பாசத்தில் செய்தாளா பயத்தில் செய்தாளா என்று கேட்டால், இரண்டிலும்தான். கவியாவின் முதுகு காய்ந்த துணி மாதிரி லேசானது. மருதாயியின் ரவிக்கைக்குக் கீழே பூரான் ஊர்ந்தது. மூன்று நாள் பொறுத்தது ஒரு நொடியில் போயிற்று. கவியா அழுத அழுகையைப் பார்த்து, வலி போன பிறகும் ஏன் அழுகிறாள் என்று மருதாயிக்குப் புரியவில்லை.

ஈரத் தலையோடு கவியா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பிரேயருக்கு இன்னும் நேரம் இருந்தது. குழாயடியில் நின்று, தான் அடித்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை, ஏதோ சூழ்ச்சி என்று நினைத்தார்கள். "நான் தொட மாட்டேன். நீங்க என்னைய அடிங்க. என்னுதை எங்கிட்ட குடுத்துடுங்க, எனக்கு வேணும்" என்று கத்தினாள். கடைசியில் பரிமளாதான் வந்தாள். எட்டு மாதக் கோபத்தைச் சேர்த்து ஒரே அறை. அறைந்துவிட்டுத் தன் முதுகைத் தடவிப் பார்த்தாள், பிறகு மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்கப்புறம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சிலர் குத்தினார்கள், சிலர் கிள்ளினார்கள், ஒருத்தி முடியைப் பிடித்து உலுக்கினாள். பாலாஜி அங்கன்வாடிக்கு ஓடிப்போய்த் தம்பியை இடுப்பில் தூக்கி வந்தான். அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டே கவியாவின் மூக்கில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் சட்டைக்குள் ஒரு வரி ஏறியது. ஏழாவதுக்கு முட்டி போட்டாள். பன்னிரண்டாவதுக்குத் தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

பதினான்காவது ஆளாகச் சத்யா வந்து நின்றாள்.

"அடிடி."

"எனக்கு வராதுக்கா."

"மெதுவாவாச்சும் அடி."

சத்யா கையைத் தூக்கினாள். தூக்கிய கை கவியாவின் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டது. அது அடியாகாது. தழும்பு அவளிடமே நின்றுவிட்டது.

பதினொரு மணிக்கு வந்த ஆபீசர் வெற்றிச்செல்வி சட்டையைத் தூக்கிப் பார்த்து, விரலால் தொடாமல் எண்ணினார். தலைமையாசிரியரையும் எண்ணச் சொன்னார். பதிமூன்று. தர்மராஜ் எண்ணி முடித்தபின் கண்ணாடியைக் கழற்றினார். அதில் முக்கால்வாசியை, அப்பாவைக் கூட்டிவரச் சொல்லித் தான்தான் வரவழைத்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு ஓய்வுபெறும்வரை அவர் எந்தப் பிள்ளையின் அப்பாவையும் கூப்பிடவில்லை. மணிவேலைச் சுண்ணாம்புக்கல் சுரங்க வாசலில் வைத்துப் போலீஸ் பிடித்தது. ஜாமீனில் வந்தவன் பெல்ட்டைத் தேடினான் என்றும் அழுதான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மருதாயியின் முதுகில் இருப்பது அப்படியே இருக்கிறது, அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு நடவுக்குப் போகிறாள். சத்யா இப்போது ஒன்பதாவது, அவளுடையதும் அவள் முதுகிலேயே இருக்கிறது.

கவியாவைப் பெரம்பலூரில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். களிம்பு போட்டதில் பதிமூன்றும் ஒரு வருஷத்தில் சாதாரணக் காயம் ஆறுவது போல ஆறின. அங்கே சேர்ந்த இரண்டாம் வருஷம், புதிதாக வந்த ஒரு குட்டிப் பெண் சாப்பாட்டு வரிசையில் எந்தக் காரணமும் இல்லாமல் கவியாவைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளியவளின் தட்டு உருண்டு ஓடியது. கவியாவின் தோளில் சுருக்கென்று எரிந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோசைத் திருப்பியின் முனை அளவுக்கு ஒரு சூடு, புதுசு. அந்தக் குட்டி அடி விழும் என்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நின்றது.

கவியா தட்டை எடுத்துக் கழுவி அதன் கையில் கொடுத்தாள். "சாப்புட்டுட்டு வா, ஒரு போன் பண்ணணும்" என்றாள். "சூடு வச்சது யாரு, அம்மாவா அப்பாவா?"