சொர்ணலதா அழித்த வீடியோ

மைசூரில் பூச்சியியல் விஞ்ஞானியாக இருக்கும் சொர்ணலதாவுக்கு நுண்ணோக்கி கைவந்த கலை. செல்போனோடுதான் ஜென்மப் பகை. செண்டுமல்லியில் செம்பேன் விழுந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை எப்படி அடிப்பது என்று அவர் நிதானமாகப் பேசியதை, உடன் வேலைபார்க்கும் மனிஷா அரை நிமிடமாக வெட்டி ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் போட்டாள். போடுவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொன்னாள். சொர்ணலதா பார்க்கவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு எழுதும் சுருக்கம் மாதிரிதானே, முக்கியமான நிபந்தனை எப்படி விட்டுப்போகும் என்ற தெம்பு.

விட்டுப்போயிருந்தது. அவர் சொன்ன கரைசல் அளவு, பூ விட்ட செடிக்கு மட்டும்தான், இளநாற்றில் பட்டால் கருகிவிடும் என்று அவர் சொன்ன இடமே வெட்டுப்பட்டிருந்தது. குண்டலுபேட்டை விவசாயி ஒருவர் கருகிய நாற்றுகளைப் படம் பிடித்து வீடியோவின் கீழே போட்டபோதுதான் சொர்ணலதாவுக்கு அது தெரிந்தது. மனிஷா சாப்பிடப் போயிருந்தாள். யாரையும் கேட்காமல், தட்டுத் தடுமாறி, வீடியோவைத் தானே அழித்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

திரும்பி வந்த மனிஷா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அடிச்சுட்டோம், நாளைக்கு அடிக்கிறோம்னு அதுக்குக் கீழதானே மேடம் விவசாயிங்க எழுதியிருந்தாங்க? எல்லாம் சேர்ந்து போயிடுச்சு. இனிமே அவங்கள எங்க போய்ப் பிடிக்கறது?”

அழிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி எச்சரித்திருக்கலாம் என்றாள். பதிவிறக்கி வைத்துக்கொண்டவர்கள் கையில் வீடியோ இன்னும் இருக்கும் என்றும் சொன்னாள். சொர்ணலதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் ஹனூரில் செண்டுமல்லி போடும் அண்ணன் காளியப்பன் கூப்பிட்டார். குரலில் பெருமை வழிந்தது. தங்கையின் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் அவரே போட்டுவிட்டாராம்.

“நாத்துக்கு அடிக்கக் கூடாதுங்கண்ணா. நீங்க அடிக்கலைங்களே?”

“நான் இன்னும் அடிக்கல அம்மணி. சுத்துப்பட்டுல எல்லாரும் நாத்துக்குக் காலையிலயே அடிச்சுட்டாங்க. எந்தங்கச்சி சொல்றது, தைரியமா அடிங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

சொர்ணலதா நடந்ததைச் சொன்னார். முழுதாகப் பேசிப் புது வீடியோ அனுப்புவதாகவும், அதில் தவறு தன்னுடையது என்று சொல்லப்போவதாகவும், அதையும் எல்லாக் குழுவிலும் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

“உம்பேரு கெட்டுப்போகுமே அம்மணி” என்றார் காளியப்பன்.

“நாத்தே போச்சுங்கண்ணா. பேரை வெச்சுட்டு என்ன பண்றது?”