ஜெனரல் செதாரெக்கியின் உயரம்

நாட்டுத் தலைவராகப் பதவியேற்ற நாளிலிருந்து ஜெனரல் செதாரெக்கி மாதத்துக்கு ஒரு விரற்கடை வீதம் குட்டையாகிக்கொண்டே வந்தார். அதற்கு முன் அவர் ஆறடி நாலங்குலம். அயல்நாட்டுப் பாலைவனங்களில் பத்தொன்பது வருடம் அமைதிப்படையில் நின்று, தோல் கறுத்து, ஜெனரலாகித் திரும்பியவர். பெரும்புயல் அடித்த வருடம் மந்திரிகள் மொத்தமும் கிடைத்த படகில் ஏறிக் கம்பி நீட்டிவிட, கூரை இழந்த சனங்கள் அவரைத்தான் தேடிப் போனார்கள். அவர் முதலில் கூரை போட்டார், பிறகு தேர்தல் வைத்தார், ஜெயித்தார். டாக்டர் வருடா வருடம் அளந்து பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை, உயரம் மட்டும் போகிறது என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் தீவுகளில் தலைவரின் தலைக்கு மேல் இன்னொரு தலை இருக்கக் கூடாது. தலைவரோ பாயில்தான் உட்கார வேண்டும். முதல் வருடம் எல்லோரும் குனிந்து நடந்தார்கள். மூன்றாம் வருடம் முழங்காலில் வந்தார்கள். ஐந்தாம் வருடக் கடைசியில் அவர் இரண்டரை அடிக்கு வந்தபோது, மந்திரிசபை குப்புறப் படுத்துத்தான் கூடியது. சபைக்கு முன் குடிக்கும் யங்கோனா வேர்ப் பானத்தைச் சிரட்டையில் ஏந்தி ஊர்ந்து வருபவர் பாதியைத் தரைக்கே வார்த்தார். ஒரு பெரிய நாட்டுத் தூதர் கோட்டும் டையுமாகப் படுத்தபடி மீன்பிடி ஒப்பந்தம் பேசி, அங்கேயே தூங்கியும் போனார். மேடை போட்டுத் தருகிறோம் என்றதற்கு ஜெனரல் ஒப்பவில்லை. தரையை விட்டு எழும்பிய தலைவனை நம்பக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் அவர் மனைவி உனைசி. சிப்பி பொறுக்கப் போய்ப் பவளப்பாறையில் விழுந்ததில் அவளுடைய வலது முழங்கால் மடங்காது. தரையில் இறங்கினால் தூக்கிவிட நாலு பேர் வேண்டும். இரவில் சிக்கல் இல்லை, கட்டிலில் படுத்துவிட்டால் எல்லோர் தலையும் ஒரே மட்டம். பகலில்தான் அவர் கூடத்துப் பாயிலும் அவள் பின்கட்டு அடுப்படியிலுமாக ஆனது. மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடவில்லை. அவள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்த மீனை யாரோ ஊர்ந்து கொண்டுபோய் வைத்தார்கள். தனியாகத் தின்ன அவருக்குப் பிடிக்காது; பாதித் தட்டு திரும்பி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மந்திரிசபை நடுவில் அவள் நிமிர்ந்தபடியே உள்ளே வந்தாள். மரியாதை முறைகளைக் கவனிக்கும் கேப்டன் இலியேசா தரையில் கிடந்தபடி பதறினார்.

"அம்மா, ஒங்க தல ரொம்ப மேல இருக்கு."

"தெரியுதுப்பா. அதுக்குத்தானே வந்தேன்."

குனிந்து ஜெனரலை அள்ளித் தன் தோளில் உட்காரவைத்தாள்.

"இப்ப யாரு தல மேல? நல்லாப் பாத்துச் சொல்லு."

இலியேசா அண்ணாந்து நிதானமாகப் பார்த்து, ஐயா தலைதான் என்றார். மந்திரிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சிலருக்கு இடுப்பு நிமிரச் சற்று நேரம் பிடித்தது. இறக்கிவிடச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெனரல் அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு, "மீனு ஆறிடுச்சா?" என்றார். இருவரும் அடுப்படிக்குப் போய் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். சட்டி காலியானது.

அதன்பின் நாடு நின்றபடியே ஆளப்பட்டது. அவர் குறைவது நிற்கவில்லை. எட்டாம் வருடம் உனைசி காதோரம் செருகிய செம்பருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்புகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்பதாம் வருடத் தேர்தலில் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். மனு கொண்டுவந்த ஒருவர் தயங்கித் தயங்கி, ஐயா இருக்கிறாரா என்று கேட்டார்.

"இருக்காரு. மரவள்ளிக் கெழங்க ஒரு பிடி பிடிச்சிட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு. மெதுவாச் சொல்லுங்க" என்றாள் உனைசி.

வந்தவர் குரலைத் தாழ்த்தித் தன் ஊருக்கு ஒரு பாலம் வேண்டும் என்றார். அந்த வருட மழைக்கு முன்பே பாலம் வந்துவிட்டது.